ஒரே கிளை

செவ்வாய்க் கிரகத்தில் பெண் பார்க்க வருபவர்களுக்கு முதலில் காப்பி தருவதில்லை. ஒரு குப்பியை நீட்டி எச்சில் துப்பச் சொல்வார்கள். மாப்பிள்ளை மனித இனம்தானா என்று பார்க்க வேண்டுமே.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. யுரோப்பா நிலவின் பனிக்கடலுக்குள் குடியேறியவர்களுக்கு நாலாயிரம் ஆண்டுகளில் விரலிடையில் சவ்வு வளர்ந்துவிட்டது. செவ்வாய்க்காரர்கள் ஒட்டடைக்கம்பு போல நெடுநெடுவென்று ஆகிவிட்டார்கள். இரண்டும் வெவ்வேறு இனம், கலக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

சங்கிலியின் மகள் மாதங்கிக்குப் பிடித்ததோ யுரோப்பாக்காரன் இளவழுதியை. சோதனை முடிவு வரும் அன்று மாலையே அவன் ஊருக்குக் கப்பல். அதை விட்டால் ஒன்பது ஆண்டு கழித்துத்தான். மகளுக்காகக் கல்யாண அனுமதி கேட்டுச் சங்கிலி பதினோரு மனு போட்டிருந்தார். நல்ல மனிதர்.

மரபணு நிலையத்தில் ஆய்வாளர் நிலோபர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"மனுச வம்சத்த மரம் மாதிரி வரைஞ்சது தப்புங்க. மரத்துல பிரிஞ்ச கிளை திரும்பச் சேராது. நாம ஆறு மாதிரி. பிரிவோம், கொஞ்ச தூரம் போய்க் கலப்போம். பழைய நியாண்டர்தால்காரங்க துளியே இன்னும் நம்மகிட்ட இருக்கு. பனிச்சுரங்கத்துல வேலை பார்த்தப்ப இவங்க முன்னோர்களும் சட்டத்துக்குத் தெரியாம நல்லாவே கலந்திருக்காங்க. அனுமதி உண்டு. ரெண்டு பேரும் ஒரே கிளைதான்."

மாதங்கி இளவழுதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கிலியின் முகம் சுருங்கியது.

"ஒரே கிளையா?"

"ஆமாங்க."

சங்கிலியின் ஆதி முன்னோர் ராமநாதபுரத்துக்காரர்கள். அவர்கள் வழக்கில் ஒரே கிளையில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. அந்தக் குடும்பம் மழை என்றால் என்ன என்பதையே மறந்துவிட்டது, இதை மட்டும் மறக்கவில்லை.

"அண்ணன் தங்கச்சிக்கு எப்படிம்மா முடிச்சுப் போடுறது?"

"ஐயா, நான் சொல்றது மனுச இனத்தோட கிளை. உங்க சொந்தக்காரக் கிளை இல்ல."

"கிளைன்னா கிளைதாம்மா."

"அவரு மனுசனே இல்லைன்னு சட்டம் சொன்னப்ப சரின்னீங்களேப்பா" என்றாள் மாதங்கி.

"அப்ப அவரு அசலாரு தாயி. இப்ப பங்காளியாயிட்டாரே."

அனுமதித் தாளில் தகப்பனார் கைரேகை வைக்கவேண்டிய கட்டம் காலியாகவே கிடந்தது. சங்கிலி பன்னிரண்டாவது மனுவைத் தொடங்கினார்: இருவரையும் வேறு வேறு கிளையென்று அறிவிக்க வேண்டுகிறேன். அப்படி அறிவித்தால் சட்டம் விடாது என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

மாலையில் கப்பல் இளவழுதியோடு போய்விட்டது.

நிலோபரின் ஆய்வுப் படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. மனிதக் கிளைகள் பிரியக் காரணம் என்ன? மலை, கடல், விண்வெளி, பிற. அவள் 'பிற' என்பதைத் தொட்டு, பக்கத்தில் எழுதினாள்: பெண்ணின் அப்பா.