மாரெட் வீட்டுக் காருக்கு எந்த எஞ்சின்?

மலையேறும் கார்ப் பந்தயத்தில் மாரெட்டின் அப்பா கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தார். கடைசியாக வந்தவருக்குப் பாதி வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்து நின்றுவிட்டது.

"ஆடு வரலைன்னா நான்தான் கடைசி!" என்று சிரித்துக்கொண்டே அப்பா எம்ரிஸ் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

மாரெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்குவாரிச் சாலையின் உச்சிவரை ஏற அவர்களுடைய பச்சை காருக்கு எழுபத்தோரு விநாடி ஆனது. பக்கத்து வீட்டு ஃபியோனுடைய சிவப்பு காருக்கு ஐம்பத்திரண்டே விநாடி!

இரண்டுமே கூரையில்லாத கிட் கார்கள்தான். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வீட்டிலேயே பூட்டிச் செய்தவை. இரண்டிலும் ஒரே மாதிரி பழைய எஞ்சின்தான் இருந்தது. ஆனால் இந்த வசந்தத்தில் ஃபியோனின் அம்மா கட்ரின் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு, ஒரு மோட்டார் பைக் எஞ்சினைப் பொருத்திவிட்டார். இப்போது அந்தக் கார் போனால் குன்றிலுள்ள ஆடுகளெல்லாம் தலை தூக்கிப் பார்க்கின்றன.

பச்சை கார் போனால் ஆடுகள் புல்லைத்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஃபியோன் மாரெட்டுடன் ஒரே வகுப்பில் படிப்பவள். மறுநாள் அவள் பரிசுக் கோப்பையைப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டாள். எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"ஃபியோன் வீட்டுக் கார் இப்படிப் போகும்: வ்ர்ர்ரீ!" என்று கெத்தின் என்ற பையன் வகுப்பின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடினான். "மாரெட் வீட்டுக் கார் இப்படி: டுகு... டுகு... டுகு..."

வகுப்பே சிரித்தது. ஃபியோனும் சிரித்தாள். கொஞ்சம்தான். ஆனாலும் சிரித்தாள்.

மாரெட் எழுந்து நின்றாள்.

"எங்க அப்பாவும் எஞ்சின் மாத்தப் போறார்! உங்களோடதைவிடப் பெருசு! அடுத்த பந்தயத்துல பாரு!" என்று கத்திவிட்டாள்.

"நிஜமாவா?" என்று ஃபியோன் ஆவலாகக் கேட்டாள்.

மாரெட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று பேருந்தில் ஃபியோன் பிடித்துவைத்த இடத்தில் உட்காராமல் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, கார் நிற்கும் கொட்டகையில் அப்பா துணியால் கையைத் துடைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வழி இருக்கு, கண்ணு. இதே எஞ்சினை ட்யூன் பண்ணி வேகமாக்கலாம். இல்லன்னா வேற எஞ்சின் மாத்தலாம். மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர்கிட்ட பைக் எஞ்சின் ஒண்ணு இருக்காம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லச் சொல்றார்."

"மாத்தலாம்ப்பா! மாத்தலாம்!" மாரெட் குதித்தாள்.

"அவசரப்படாதே. எஞ்சினை மாத்தினா கியர், ரேடியேட்டர், புகைக்குழாய் எல்லாத்தையும் மாத்தணும். கோடை முழுக்க கார் சக்கரமில்லாம கட்டை மேலதான் நிக்கும். நாம எங்கயும் போக முடியாது."

"பரவாயில்லை."

அப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உனக்கு இந்தக் கார் ரொம்பப் பிடிக்குமே?"

"ஃபியோன் வீட்டுல மாத்திட்டாங்களே!"

அப்பா காதைச் சொறிந்தார். அவர் கையிலிருந்த கருப்பு மசகெல்லாம் காதில் ஏறியது. "எனக்கும் ஒண்ணு புரியல. சமதரையில நல்லாத்தான் ஓடுது. மேடு வந்தா மூச்சு வாங்குது. எல்லாத்தையும் கழுவி, துடைச்சுப் பார்த்துட்டேன். சரி, நாளைக்கு டூட்டிக்குப் போய் பஸ் ஓட்டிட்டு வந்து முடிவு பண்ணுவோம்."

சனிக்கிழமை காலை அப்பா வேலைக்குக் கிளம்பியதும் மாரெட் வேலியோரம் போனாள். ஃபியோன் வீட்டுக் கொட்டகை திறந்திருந்தது. சிவப்பு காரின் எஞ்சின் மூடியும் திறந்திருந்தது.

அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள் அதற்குள்ளே? மாரெட் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அங்கேருந்து என்னடி தெரியும்? உள்ளே வா!" ஃபியோன் டயருக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றாள்.

மாரெட்டின் முகம் சிவந்தது. ஆனாலும் போனாள்.

கட்ரின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "வா மாரெட். சாவி என் பையில இருக்கு, அதனால பயமில்ல. தொட்டுப் பாருங்க. எதையும் கழட்டிடாதீங்க."

"நீ ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டர் மிதியை அமுக்கு. நான் உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்றாள் ஃபியோன்.

"நான் மிதிச்சா நீ எனக்கு எப்படிக் காட்டுவே?"

"அட, ஆமாம்ல! அப்ப நான் மிதிக்கிறேன். நீ இந்தச் சின்னக் கையைப் பாரு."

எஞ்சினின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் கை இருந்தது. மிதியிலிருந்து வந்த கம்பி அதை இழுத்தது. ஃபியோன் மிதித்ததும் அந்தக் கை சுழன்று ஓர் ஆணியில் டக்கென்று முட்டியது.

"முட்டுச்சா? முட்டினா காத்து போற வழி முழுசாத் திறந்திருக்குன்னு அர்த்தம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னாடி அம்மா மிதிப்பாங்க, நான் பார்ப்பேன். அதுதான் என் வேலை" என்றாள் ஃபியோன்.

அவளுக்கு வேலைகூட இருக்கிறது!

"உங்களுக்கென்ன, எல்லாம் இருக்கு" என்று மாரெட் முணுமுணுத்தாள்.

"என்ன இருக்கு?" ஃபியோன் காரிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்தக் கார்ல நான் ஒரு தடவைகூடப் போனதில்ல, தெரியுமா? அம்மா பக்கத்து சீட்டையே எடுத்துட்டாங்க. வேன் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போற வண்டியில ஏத்திக்கிட்டுப் போய், பந்தயத்துல ஓட்டி, திரும்பவும் ஏத்திக்கிட்டு வர்றோம். நீ கடைக்கு ரொட்டி வாங்கக்கூட உங்க அப்பாவோட கார்ல போறே. மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு! ஜன்னல் வழியா உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எவ்ளோ கோபம் வரும் தெரியுமா?"

மாரெட் அவளை வாய் பிளந்து பார்த்தாள்.

"என் மேலயா?"

"வேற யார் மேல?"

ஃபியோன் காரிலிருந்து இறங்கி வந்தாள். பிறகு மாரெட் மெல்லச் சொன்னாள். "புது எஞ்சின்னு நான் சொன்னது பொய். அப்பா இன்னும் முடிவே பண்ணல."

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். நீ பொய் சொன்னா மூக்கைச் சுருக்குவே."

"சுருக்க மாட்டேன்!"

"இப்பக்கூடச் சுருக்கறே."

மாரெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. எங்கள் காரில் அந்தச் சின்னக் கை முட்டுகிறதா? அப்பா எப்போதும் தனியாகத்தானே வேலை செய்வார்! மிதிப்பதும் அவரே, பார்ப்பதும் அவரே என்றால் எப்படி?

"ஃபியோன், வா!"

பச்சை காரின் மூடி திறந்தே கிடந்தது. இந்தத் தடவை மாரெட் ஏறி மிதியைத் தரையோடு தரையாக அழுத்தினாள்.

"மிதி!" என்றாள் ஃபியோன்.

"மிதிச்சுட்டேன்!"

"இன்னும் மிதி!"

"இதுக்கு மேல மிதிச்சா கால் பூமிக்குள்ள போயிடும்!"

"அப்படின்னா நீயே வந்து பாரு."

இடம் மாறினார்கள். மாரெட் குனிந்து பார்த்தாள். அந்தக் கை பாதி தூரம் சுழன்று நின்றுவிட்டது. ஆணிக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி! அதை இழுக்க வேண்டிய கம்பி தொய்ந்துபோயிருந்தது.

அன்று மாலை அப்பா பேருந்து ஓட்டுநர் சட்டையைக்கூட மாற்றவில்லை. மாரெட் மிதித்தாள், ஃபியோன் விரலால் காட்டினாள், அப்பா பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நான் எப்பவும் இந்தக் கையை என் கையாலயே தள்ளித்தான் பார்ப்பேன். அப்ப நல்லா முட்டும்! அப்போ ரெண்டு வருஷமா பாதி எஞ்சினையா ஓட்டிக்கிட்டிருந்தேன்?"

கம்பியை இறுக்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அவர் மகளைப் பார்த்தார். "இப்ப சொல்லு. மாத்தலாமா? ட்யூன் பண்ணலாமா?"

வ்ர்ர்ரீ என்ற சத்தம் மாரெட்டின் காதில் ஒலித்தது. அது இன்னும் அவளுக்கு வேண்டியதாகத்தான் இருந்தது. ஒரு கோடை முழுக்கக் கட்டை மேல் நிற்கும் காரையும் நினைத்துப் பார்த்தாள்.

"அந்த பைக் எஞ்சின் ஆளுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்கப்பா. ட்யூன் பண்றதைக் குளிர்காலத்துல பார்த்துக்கலாம்."

திங்கட்கிழமை கெத்தின் கேட்டான். "எங்கே உங்க பெரிய எஞ்சின்?"

"வரல. நான் சும்மா சொன்னேன். பழைய கம்பியை இறுக்கினோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றாள் மாரெட். ஃபியோன் அவள் மூக்கைக் கவனமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அடுத்த பந்தயத்தில் பச்சை கார் அறுபத்து நான்கு விநாடியில் உச்சியைத் தொட்டது. பன்னிரண்டு கார்களில் ஏழாவது இடம். ஆடு எதுவும் உதவிக்கு வரவில்லை. முதலிடம் மறுபடியும் கட்ரினுக்குத்தான். கோப்பையைப் பார்த்ததும் மாரெட்டுக்குள் லேசாகப் பொறாமை எட்டிப் பார்த்தது. ஆனால் கைகள் தட்டின.

வீட்டுக்குக் கிளம்பும் நேரம். சிவப்பு கார் வேனுக்குப் பின்னால் இழுக்கும் வண்டியில் ஏறிவிட்டது. ஃபியோன் வேனின் கதவருகில் நின்றுகொண்டு பச்சை காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கைதான் உண்டு. மாரெட் அதில் ஏறப் போனாள். பிறகு காலைக் கீழே வைத்தாள்.

"ஃபியோன், நீ இதுல போ. நான் வேன்ல வரேன்."

ஃபியோன் இரண்டாவது தடவை சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

கட்ரின் ஓட்டிய வேனின் முன்கண்ணாடி வழியே மாரெட் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்னால் பச்சை கார் வளைவுகளில் குதூகலமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஃபியோனின் முடி காற்றில் பறந்தது. அவள் கத்திச் சிரிப்பது இங்கேவரை கேட்டது.

திடீரென்று மழை கொட்ட ஆரம்பித்தது. ஃபியோன் அவசரமாகக் குடையை விரித்தாள். அது படக்கென்று பின்பக்கமாக மடங்கிக் கிண்ணம் போலானது.

"நல்லா நனையட்டும்!" என்றாள் மாரெட், வெதுவெதுப்பான வேனில் காலை நீட்டிக்கொண்டு. சொல்லிவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள். "ஆனாலும் கட்ரின் ஆன்ட்டி, கொடுத்து வெச்சவ!"