வேகக் குழாயில் மண்

பிற்பகல் 1:40. மருந்து தெளிக்கும் விமானம் ஓடுபாதையைத் தாண்டி சோயா வயலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. விமானி டுவேன் கோசெக் காயமில்லாமல் இறங்கினான். வேகம் காட்டும் முள் அசையாததால், மேலே எழும்பாமல் பிரேக்கை மிதித்திருந்தான்.

இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாயில் காற்று புகுந்தால்தான் முள் நகரும். குழாயை ஈர மண் அடைத்திருந்தது.

சற்று நேரத்தில் தேனீ வளர்க்கும் லைல் பெட்டர்சன் காவல் வண்டியின் பின்சீட்டில் இருந்தார். டுவேன் தெளித்த மருந்தில் அவருடைய தேனீக்கள் பாதி செத்திருந்தன. அவனுடைய இறக்கையை ஒடிப்பேன் என்று காபிக் கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். இன்று மதியம் விமானத்தருகே நின்றதைப் பார்த்தவர்களும் உண்டு. பூட்ஸ் முழுக்கச் சேறு.

துணை ஷெரீஃப் மார்லிஸ் ஹான்சன் ஜன்னலில் குனிந்தாள். "விமானத்துல கைவச்சா நெப்ராஸ்காவுல ஜெயில்தான், லைல். தெரியும்ல?"

"தெரியும். நாளைக்குத் தெளிக்காதேன்னு கெஞ்சப் போனேன். இவன் அங்க இல்ல."

"சேறு?"

"தேனீக்குத் தண்ணி வைக்கிறேன். வேற என்ன ஒட்டும், வெண்ணெயா?"

அவள் டுவேனிடம் திரும்பினாள். "குழாய்க்கு உறை உண்டே?"

"ராத்திரி மாட்டினேன். காலைல நானே கழட்டினேன். குழாய் சுத்தமா இருந்துச்சு."

"மதியம்?"

"சீசன்ல யாரு மாட்டுவா? நிரப்புறோம், பறக்குறோம். இன்னைக்குக் காத்து திசை மாறட்டும்னு சாப்பிட்டுட்டு கொட்டகைக்குள்ள உக்காந்திருந்தோம்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

மார்லிஸ் கம்பியால் மண்ணை நெம்பி எடுத்து, வண்டியின் முன்மூடியில் வைத்து உடைத்தாள். உள்ளே குட்டிச் சிலந்திகள். ஒன்றின் கால் மெல்ல அசைந்தது.

"லைல் மண்ணை அடைச்சிருக்கலாம். சிலந்தி ஒவ்வொண்ணா பிடிச்சு, சாகாம மயக்கி, அடுக்கி வச்சா மூடியிருப்பார்?"

"அப்ப யாரு?" என்றான் டுவேன்.

"குளவி. குஞ்சுக்குச் சோறு கட்டி வச்சிருக்கு. எல்லாரும் மண்ணை வெளியில மட்டும்தான் பார்த்தோம், உள்ள பார்க்கல. ஓட்டையைத் திறந்து போட்டது நீ, டுவேன். குளவி மேல வழக்குப் போட என்கிட்ட ஃபாரம் கிடையாது."

அவள் பின்கதவைத் திறந்துவிட்டாள். லைல் வீட்டுக்குப் போகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உடைந்த மண்மேல் குனிந்தார்.

"அந்தச் சிலந்தி வயித்துல பாரு. வெள்ளையா. குளவி முட்டை."

"எங்க?" என்று டுவேனும் குனிந்தான்.