இமஸா மாமி

மான்கள் ரோட்டைக் கடக்கட்டும் என்று ஸுல்பிகா காரை நிறுத்திய அந்தச் சின்ன இடைவெளியில், டாஷ்போர்டில், கதவு திறந்தால் எரியும் விளக்கு சிவப்பாக எரிந்து அணைந்தது. பின்பக்கம், இடது கதவு. குளிர்காற்று ஒன்று அவளுடைய பிடரியைத் தொட்டுவிட்டுப் போனது. கூடவே, காய்ந்த கடற்பாசி மறுபடி நனைந்தது போல ஒரு வாடை. திரும்பிப் பார்த்தாள். நாலு கதவும் சாத்தியபடியே இருந்தன. அவளுக்கு நேர் பின்னால், வலது சீட்டில், பெல்ட் போட்டபடி நாலு வயது மகள் அம்ரா கார்த் திறப்பை மடியில் கிடத்தித் தாலாட்டிக்கொண்டிருந்தாள். பட்டனை அமத்தினால் ஓடும் கார்; சாவி உள்ளே இருந்தால் போதும். இடது சீட்டில் ஒன்றுமில்லை.

மான்கள்தான் அசையவில்லை. மழையில் நனைந்துகொண்டு நடு ரோட்டில் நின்று காரின் பின்பக்கத்தையே பார்த்தன. பிறகு வந்த வழியே திரும்பி ஓடிவிட்டன.

கார் வந்து இரண்டு மாதம்தான். கணவன் றிஸ்கான் கட்டாரில் வியர்வை சிந்தி அனுப்பிய காசில் வந்த வாகனம். யப்பானில் யாரோ ஓட்டிவிட்டுத் தள்ளியது. அதற்கு முன்பு கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போவதும், பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விட்டு எடுப்பதும் பஸ்ஸில்தான். நெரிசலில் யாராவது ஒரு பெண் தன் மடியைத் தட்டி, "இஞ்ச தாங்க, நான் வச்சிரிக்கன்" என்பாள். அம்ரா நல்ல பிள்ளை. "போகவா உம்மா?" என்று கேட்டு, ஸுல்பிகா ஓம் சொன்ன பிறகுதான் போவாள். போனதும் அந்த முன்பின் தெரியாத மாமியின் தோளுக்கு மேலால் எட்டி, பின்னால் நசிந்து நிற்கும் உம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டுவாள். காரில் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளை தனக்கென்று ஒரு சீட்டில் இருக்கிறாள் என்பதே ஸுல்பிகாவுக்குப் பெரிய நிம்மதி.

டாஷ்போர்டை அவளுக்குப் படிப்பித்தவன் தம்பி நஸ்ரி. யப்பானில் பழைய கார் கழற்றும் யார்டில் வேலை பார்த்து வந்தவன். சின்ன வயதில் ஓதப்பள்ளியில் அறபு எழுத்துக் கூட்டிப் படித்த மாதிரி ஒவ்வொரு விளக்காகப் படித்தாள். பின்சீட்டுக்கு மூன்று குட்டி ஆள் உருவங்கள் இருந்தன. ஆள் இருந்து பெல்ட் போட்டால் பச்சை, போடாவிட்டால் சிவப்பு, ஆளே இல்லையென்றால் இருட்டு.

"சிவப்பெண்டா நில்லுங்க. மஞ்சளெண்டா கவனிங்க. பச்சையெண்டா பயமில்லாமப் போங்க," என்றான் நஸ்ரி. "மனுசன் பொய் சொல்லுவான் ராத்தா. இது சொல்லாது."

ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஒரு பெண்குரல் யப்பான் மொழியில் ஏதோ சொல்லி 'இமஸேன்' என்று முடிக்கும். அம்ரா அதற்கு இமஸா மாமி என்று பெயர் வைத்து, தவறாமல் ஸலாமும் சொல்லுவாள். ஹைவேக்குக் காசு கட்டும் கார்ட் போடவில்லை என்று சொல்கிறாள், பெரிதாக ஒன்றுமில்லை என்று நஸ்ரி சிரித்தான். "தனியா இமஸேன் எண்டா வேற. ஆள் இல்லையெண்டு அர்த்தம். வீட்டுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டா, ஆள் இல்லாட்டி அப்பிடித்தான் சொல்லுவாங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் சீனன்குடாவைத் தாண்டும்போது, அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவிலேயே, சூரியன் மறையுமுன்பே இருட்டிவிட்டது. காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள் மழைக்குள் கறுத்து நின்றன. மா ஆலைப் பக்கமிருந்து வழக்கமாக வரும் கோதுமை வாசம் இன்றைக்கு வரவில்லை. காருக்குள் அந்தப் பாசி வாடைதான் நின்றது. வைப்பர் இரண்டும் அழுதுகொண்டே கண்ணாடியைத் தேய்த்தன. ஒரு லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று காட்டும் இலக்கத்தை ஸுல்பிகா தற்செயலாகப் பார்த்தாள். இருபதுக்குக் கீழே அது வந்ததே கிடையாது. இப்போது பதினாலு. பார்த்துக்கொண்டிருக்கவே பதின்மூன்று.

பாரம் ஏற்றினால்தான் அப்படிக் குறையும் என்று நஸ்ரி சொன்னது ஞாபகம் வந்தது. பாரமென்று இருந்தது அவளும் பிள்ளையும் ஒரு பை மரக்கறியும். பையும் முன்னால், பக்கத்துச் சீட்டின் காலடியில்.

அப்போதுதான் அது கத்தத் தொடங்கியது. டிக், டிக், டிக். டாஷ்போர்டில் மூன்று குட்டி உருவங்களில் வலது பச்சை. அது அம்ரா. நடு இருட்டு. இடது சிவப்பு.

"உம்மா, ஏன் அது கத்துது?"

"ஈரம் உள்ளுக்குப் போயிரிச்சி போல மகள். ஒண்டுமில்ல."

வெள்ளைமணலில் ஒரு மூடிய கடைக்கு முன்னால் நிறுத்தினாள். இந்தச் சத்தத்துக்கு ஊரில் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் செய்வார்கள். ஆள் இல்லாத சீட்டுக்குப் பெல்ட்டைக் கொழுவிவிட்டால் வாய் மூடும். இறங்கி, நனைந்தபடி இடது கதவைத் திறந்தாள். வெறும் சீட். பெல்ட்டை இழுத்துக் குறுக்கே கொண்டுவந்தாள். பாதி வழியில் அது எதிலோ தடக்குவது போல நின்றது. கொஞ்சம் தளர்த்தி இன்னும் இழுத்தாள். இவ்வளவு நீளம் எதற்கு என்று நினைத்தாள். கிளிக். சீட்டில் கையை வைத்துப் பார்க்க அவளுக்கு ஏனோ மனம் வரவில்லை.

கதவை அடித்துச் சாத்திவிட்டு ஓடிவந்து ஏறினாள். சத்தம் நின்றிருந்தது. வலது பச்சை, இடது பச்சை.

பச்சையென்றால் போகலாம்.

"போகவா உம்மா?" என்றாள் அம்ரா.

"ஓம் மகள். போவம், போவம்."

கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது கடல் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சாம்பல் நிற மழை. நடுவில் ஒன்றுவிட்டொன்று எரியும் விளக்குக் கம்பங்கள். வேறு வாகனமே இல்லை. இந்தக் காருக்கு இன்ஜின் சத்தமும் கிடையாது, பற்றறியில் ஓடும்போது பூனை மாதிரிப் போகும். அந்த அமைதிக்குள் பின்னாலிருந்து ஒரு பெல்ட் சுருண்டு போகும் சத்தம் கேட்டது. சர்ர். தாலாட்டு நின்றிருந்தது.

கதவு விளக்கு சிவப்பாக எரிந்து அணைந்தது.

அவளுடைய கண் டாஷ்போர்டுக்குப் போனது. இடது பச்சை. வலது இருட்டு.

ஆளே இல்லையென்றால் இருட்டு.

உடனே மஞ்சள் நிறத்தில் திறப்பின் படம் வந்து மின்னியது. திறப்புக் காருக்குள் இல்லை என்றால் வரும் படம். திறப்பு அம்ராவின் கையில் அல்லவா இருந்தது? ஸுல்பிகா பிறேக்கை மிதித்தாள். கார் வழுக்கிப்போய் நின்றது.

"இமஸேன்," என்றது அந்தக் குரல். அது ஒன்று மட்டும். முன்னாலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வந்ததா, பின்னாலிருந்தா என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

"அம்ரா!"

வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெல்ட் கழன்று தொங்கியது. சீட் வெறுமை. கையை நீட்டித் தடவினாள். பிள்ளை இருந்த சூடு இன்னும் இருந்தது.

"நான் இஞ்சதான் உம்மா இரிக்கன்."

அம்ராவின் குரல்தான். ஆனால் இடப்பக்கத்திலிருந்து வந்தது. அவள் கையாலேயே பெல்ட் போட்டுவிட்ட அந்த வெறும் சீட்டிலிருந்து. ஸுல்பிகாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பவே மறுத்தது. அது என் பிள்ளை இல்லை. என் பிள்ளை அங்கே இருக்க நியாயமில்லை. கதவு திறந்தது. திறப்பு வெளியே. சீட்டில் ஆள் இல்லை. பிள்ளை பாலத்தில் விழுந்து கிடக்கிறாள். மழையில். இருட்டில்.

"உம்மா, போகாதீங்க."

யா அல்லாஹ். அவள் குரலில் கதைக்கிறதே.

நஸ்ரி பழக்கிய பழக்கம்: கியரைப் பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிறேக்கையும் இழுத்தாள். கை தானாகச் செய்தது. கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். வந்த வழியே ஓடினாள். செருப்பொன்று கழன்றது. கம்பத்துக்குக் கம்பம். வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். "அம்ரா! மகள்!" கைப்பிடிச் சுவரோரம் குனிந்து பார்த்தாள். தண்ணீர். தண்ணீர் மட்டும். ரோட்டில் பிள்ளையில்லை. துணியில்லை. திறப்பில்லை.

எதுவுமே இல்லை.

மூச்சு வாங்க நின்றாள். அப்போது மஃரிப் பாங்கு அக்கரைப் பள்ளிவாசலிலிருந்து மழைக்குள் உடைந்து உடைந்து வந்தது. அதற்குள் இன்னொரு சத்தமும் இருந்தது. கண்ணாடிக்குள் அடைபட்ட மாதிரி, மெல்லிசாக. உம்மா.

திரும்பினாள்.

கார் அவள் விட்ட இடத்தில் இல்லை. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், கிண்ணியாப் பக்கமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் யாருமில்லை. உள்விளக்கு எரிந்தது. பின்கண்ணாடி முழுக்க மழைநீர்.

பின் வைப்பர் ஒருமுறை துடைத்தது.

அம்ரா. அழுதுகொண்டிருந்தாள். கையை உயர்த்திக் கண்ணாடியில் தட்டினாள். கைக்குள் திறப்பு இருந்தது.

வெறும் காலோடு ஸுல்பிகா ஓடினாள். நெஞ்சு கிழிய ஓடினாள். 'போகவா உம்மா?' என்று பிள்ளை கேட்டது எதை என்று இப்போது விளங்கியது. ஓம் என்று சொன்னதும் அவள்தான்.

வைப்பர் இன்னொருமுறை துடைத்தது.

பிள்ளை இடது சீட்டில்தான் இருந்தாள். ஆனால் அந்தச் சீட்டில் இருந்தால் அவள் முகம் அவ்வளவு உயரத்துக்கு வராது. பஸ்ஸில் மாமிகளின் மடியிலிருந்து எட்டிப் பார்ப்பாளே, அதே மாதிரி, நனைந்த முடி ஒட்டிக் கிடந்த ஒரு தோளுக்கு மேலால் அவள் உம்மாவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.