மூன்று பேட்டரி... இரண்டு இனிஷியல்!

டெலிபோன் அலறியது!

திலகம் சோல்டரிங் அயனைத் தாங்கியில் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஹலோ..."

"திலகம்மா? இன்ஸ்பெக்டர் சோமு பேசறேன். உங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட பேசணும்னு லாக்கப்புல ஒரே ரகளை. ஒரு நிமிஷம்தான்!"

கரகரவென்று சத்தம். பிறகு உடையப்பனின் குரல்.

"திலகம்! அந்த கேம் பெட்டிய நம்ம வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு வந்துட்டியாமே?"

"ஆமாங்க. மதார் சாகிபு பாய்தான் குடுத்தாரு. நாலு நாளா ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"வேணாம்!"

"என்னங்க?"

"தொடாத லா! அப்படியே பாய்கிட்ட திருப்பிக் குடுத்துரு!"

திலகத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க... கொலை நடந்த நேரத்துல அந்தப் பெட்டியில ஆடிக்கிட்டு இருந்தேன்னு? அதுக்கு உயிர் வந்தா உங்க ஸ்கோர் அதுல இருக்கும்ல?"

"இருக்கும்... இல்லாமலும் போவும்... இடி விழுந்த பெட்டி திலகம்! உனக்கு ஒண்ணு ஆயிட்டா? எனக்கு நீதான் முக்கியம்!"

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் உடையப்பன் இப்படி ஒரு வசனம் பேசியதில்லை. கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

"நாளைக்குக் காலையில உங்கள கோர்ட்டுல நிறுத்தப் போறாங்க! கொலைக் கேஸுங்க... தூக்கு! புரியுதா?"

"புரியுது... இருந்தாலும்..."

டொக்! லைன் போய்விட்டது.

திலகம் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள். உட்கார முடியவில்லை. நடக்கவும் இடமில்லை. ஹாலின் பாதியை அந்தப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை, செகிஞ்சான் அரிசி ஆலையில் கணக்கெழுதும் கிராணி செல்லையா தன் மேசை மேலேயே மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். ஒன்று இருபதுக்கு அவர் டெலிபோனில் பேசியிருக்கிறார். ஒன்றரைக்கு உயிர் இல்லை. பத்தே நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிட்டுப் போயிருந்தான் எவனோ ஒருவன்!

அன்று காலைதான் ஆலையின் லோரி டிரைவர் உடையப்பன் அவர் சட்டையைப் பிடித்திருந்தான்.

"வெள்ளிக்கிழமையானா லோரியோட எங்கடா மாயமாப் போற?" என்று செல்லையா எல்லார் எதிரிலும் கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு அவ்வளவு ரோஷம்!

போலீஸுக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒருவன் ஆலைக் காவல்காரன். தூங்கிவிட்டேன் என்றான். இன்னொருவன் உடையப்பன். புக்கிட் பெலிம்பிங்கில் மதார் சாகிபுவின் சாப்பாட்டுக் கடையில் வீடியோ கேம் ஆடினேன் என்றான். பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை.

சாட்சி இந்தப் பெட்டி மட்டும்தான். அது செத்துக் கிடந்தது.

'கொலை செய்யாதவன் எதுக்கு சாட்சியைக் கண்டு பயப்படணும்?'

இந்தக் கேள்வியை நினைக்கக்கூட திலகத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது போக மாட்டேன் என்றது.

அவள் ஷா ஆலாமில் எலெக்ட்ரானிக் பேக்டரியில் ஆறு வருஷமாக சோல்டர் அடிப்பவள். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு பெட்டியோடு மல்லுக்கட்டினாள். பெட்டியா அது? கிள்ளானில் நாலு கடை சுற்றி அடிபட்டு வந்தது. அடிப்பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. அதை அறுத்து வேறு பலகை அடித்தாள். சிகரெட் சுட்ட தழும்புகளைத் தேய்த்தாள். ஆடிக்கொண்டிருந்த ஸ்டிக்கை இறுக்கினாள். உள்ளேயிருந்து ஒரு கரப்பான் குடும்பத்தையே காலி செய்தாள். இடியில் கருகிய பியூஸ், வெடித்த கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று.

"தங்கச்சி..."

வாசலில் மதார் சாகிபு. கையில் பொட்டலம்.

"பசியாறினியா? இடியப்பம் கொண்டாந்தேன்."

"பசியெல்லாம் இல்ல பாய். அன்னைக்கு நடந்தத இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத்தன தடவதாம்மா சொல்றது! காலையில பெட்டி வந்து எறங்குச்சு. உள்ள மூணு பேட்டரியும் பொங்கிப் போயிருந்துச்சு. புடுங்கிட்டு வேற போட்டேன். பழைய ஸ்கோரு பூரா அழிஞ்சு போச்சு. சுத்தம்!"

"அப்புறம்?"

"பன்னெண்டே முக்காலுக்கு ஜும்ஆ தொழுகைக்குப் பொறப்பட்டேன். உடையப்பன் சாப்பிட்டு முடிச்சிருந்தான். 'நான் பெட்டிய ஆடிப் பாத்து வைக்கிறேன் பாய்'ன்னான். நம்ம ஆளுதானேன்னு பின்கதவு சாவியக் குடுத்துட்டு, முன்கதவ அடைச்சுட்டுப் போனேன். ரெண்டு மணிக்கு விழுந்துச்சு பாரு இடி... கரண்டு போச்சு! திரும்பி வந்து பாத்தா பெட்டியில புகை. இவனக் காணோம். பின்கதவு படியில சாவி கிடக்கு."

"அதுக்கப்புறம் யாரும் இதுல ஆடல?"

"செத்த பெட்டியில பேயா வந்து ஆடும்?"

திலகம் மனசுக்குள் நூறாவது முறையாகக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டு வரை. செகிஞ்சான் போக நாற்பது நிமிஷம். பாய் தலை மறைந்ததும் உடையப்பன் லோரியை எடுத்திருந்தால், ஒன்றரைக்குள் செல்லையாவின் மண்டையை உடைத்திருக்கலாம். ஆனால் இந்தப் பெட்டிக்குள் பெரிய ஸ்கோர் ஒன்று இருந்தால்... அவன் இங்கேதான் இருந்தான்!

"பாய், நீங்க போட்ட பேட்டரி புதுசுதானே? பெட்டி ஆப்ல இருக்கறப்ப ஸ்கோர ஞாபகம் வச்சிருக்கறது அதுதான்."

மதார் சாகிபு தாடியைத் தடவினார்.

"புதுசு மாதிரி..."

"பாய்!"

"டார்ச்லைட்டுல கிடந்தது லா! வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான். தூக்கிப் போட மனசு வரல!"

திலகம் பாய்ந்து போய் மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

நாலரை வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில்... இரண்டே கால்!

"ரெண்டுக்குக் கீழ எறங்குனா அத்தனையும் அழிஞ்சிரும் பாய்!"

"அப்ப உடனே கரண்ட போடு!"

"நான் மாத்துன சாமான் சரியா வேல செய்யுதான்னே இன்னும் பாக்கல. முதல் தடவையே ஏடாகூடமா ஆச்சுன்னா ஸ்கோரும் போயிடும். பேட்டரியத்தான் முதல்ல மாத்தணும்."

"புடுங்கிட்டு மாத்து!"

"புடுங்குன அந்த நொடியே என் புருஷன் கதை முடிஞ்சுது!"

சாகிபு இரண்டடி தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். நல்ல காரியம்.

பழசைக் கழற்றுவதற்கு முன்பே புதுசைச் சேர்க்க வேண்டும். திலகம் மூன்று புதுப் பேட்டரிகளை வரிசையாகக் கட்டி இரண்டு ஒயர் இழுத்தாள். அயனைச் சூடேற்றினாள். சூடேறியதும் ப்ளக்கைப் பிடுங்கினாள். அயனிலிருந்து துளி கரண்ட் கசிந்தாலும் உள்ளே ஸ்கோரை வைத்திருக்கும் சில்லு செத்துப்போகும். பேக்டரியில் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட பாடம்.

அயன் ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். அரை நிமிஷம்!

அயனைத் தூக்கியவள் ஒரு கணம் தயங்கினாள்.

உள்ளே அவன் ஸ்கோர் இல்லை என்றால்? பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்தவன் கொலைகாரன் என்று அவள் கையாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஒயரைத் தவறவிட்டால் போதும். எல்லாம் அழிந்துவிடும். தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடலாம்...

"சீ!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முதல் ஒயர்... பற்றியது.

இரண்டாவது... வழுக்கியது! அயன் ஆறிக்கொண்டிருந்தது. மறுபடி வைத்தாள். அழுத்தினாள்.

பற்றியது!

மீட்டரின் முள் குபீரென்று மேலே ஏறியது. திலகம் அப்படியே தரையில் உட்கார்ந்து, டார்ச்லைட் பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி சாகிபுவின் மடியில் போட்டாள்.

"பத்திரமா வச்சுக்குங்க பாய். இன்னும் நாலு வருஷம் வரும்!"

மாலை நான்கு மணி.

திலகம் போன் செய்து கூப்பிட்டிருந்ததால் இன்ஸ்பெக்டர் சோமு ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் கைவிலங்கோடு உடையப்பன். ஒரு வாரத் தாடி. பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"பாருய்யா... பளபளன்னு ஆக்கிட்டாங்க!" என்றார் சோமு. "இங்க பாரு உடையப்பா. பெட்டிய ஆன் பண்றதுக்கு முன்னாடி உன் ஸ்கோரையும் பேருக்குன்னு நீ அடிச்ச எழுத்தையும் இந்தத் தாள்ல எழுது. அன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து நீ என் லாக்கப்புல. பெட்டி செத்துக் கிடக்கு. உனக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது. சரியா இருந்தா நீ தப்பிச்ச."

"என் ஸ்கோர் மட்டும் எழுதுனா போதுமா சார்?"

"வேற யாரு ஸ்கோர எழுதுவ?"

"இல்ல சார்... சும்மா கேட்டேன்..."

எழுதினான். சோமு தாளை மடித்துப் பிடித்துக்கொண்டார்.

"சார், மேல இருக்கற ஒரு வரிய மட்டும் பாத்துட்டு டக்குனு ஆப் பண்ணிருங்க. டியூப் வெடிச்சிரும்!"

"நான் மாத்துனது வெடிக்காது," என்றாள் திலகம்.

சுவிட்சைத் தட்டினாள்.

ஒன்றும் இல்லை.

இருட்டு...

ஒரு நொடி. இரண்டு நொடி. திலகம் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னாள்.

'ட்ர்ர்ரீங்!'

பெட்டி பாடியது! திரை நீலமாகி, சிவப்பாகி, அதன் மேல் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. முதல் வரியில்...

கே.யு. எண்பத்து நாலாயிரத்து முந்நூறு.

சோமு தாளை விரித்தார். "கே.யு. எண்பத்து நாலாயிரத்து முந்நூறு! அது என்ன கே.யு?"

"காளியண்ணன் மகன் உடையப்பன் சார்," என்றான் உடையப்பன். "மூணு எழுத்துதான் போட விடும். அப்பா பேர விட்டுட்டு எப்படிப் போடறது? நடுவுல ஒரு புள்ளி வச்சேன்."

"சார்... அவ்வளவு ஸ்கோர் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள் திலகம்.

"எனக்கே முழுசா ஒரு மணி நேரம் ஆகும்! அதாவது... விசாரணைக்காக ஒரு தடவ கிள்ளான்ல ஆடிப் பாத்தேன்." சோமு தொண்டையைச் செருமினார். "அப்ப இவன் செகிஞ்சான் பக்கமே போயிருக்க முடியாது!"

அவர் டெலிபோனுக்குத் தாவினார்.

"ஹலோ, ஸ்டேஷன்? அந்த ஆலைக் காவல்காரன அமுக்குங்க. ஆமா, இப்பவே! தூங்குனானா இல்லையான்னு நான் வந்து கேட்டுக்கறேன்!"

திலகம் அழுதாள். வாய்விட்டு அழுதாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கரைந்து வந்தது. கொலைகாரன் இல்லை. என் புருஷன் கொலைகாரன் இல்லை!

சோமு விலங்கின் சாவியைத் தேடிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"அது என்ன ரெண்டாவது வரி? யு.சி. பன்னெண்டாயிரம்... யு... சி... 'யூ சீ'! ஏய், 'பாத்தியா'ன்னு இங்கிலீஷ்ல நக்கலா?"

"ஆமா சார்! யூ சீ! சும்மா தமாஷு!" உடையப்பன் அவசரமாகச் சிரித்தான். "போதும் திலகம், ஆப் பண்ணு!"

திலகம் ஆப் செய்யவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து தன் பேக்டரி அட்டையை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"படிங்க சார்."

"யு. திலகம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் வி. திலகம். எங்கப்பா வீரய்யா. தாலி ஏறுன பெறகு யு. திலகம். யு-ன்னா உடையப்பன்."

"சரி..."

"பேருக்கு முன்னால உடையப்பன் இனிஷியல போட்டுக்கறதுக்கு இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் சார் உரிமை." திலகம் மெதுவாகத் திரும்பினாள். "யாருங்க அந்த சி?"

உடையப்பனின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"அது... வந்து..."

"சின்னப்பொண்ணா?"

"இல்ல..."

"சித்ராவா?"

"சந்திரிகா!" என்று திருத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ரொம்பத் தாமதம்!

சோமு ஓசைப்படாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"ராசா டவுன்லேர்ந்து பஸ்ஸுல வருவா திலகம்... வெள்ளிக்கிழமை மட்டுந்தான்... அன்னைக்கு பின்கதவு வழியா..."

"இனிஷியல் போடற அளவுக்குப் போயாச்சா?"

"கோயில்ல சும்மா ஒரு மாலைதான் மாத்துனோம்! கூட்டம்கூட இல்ல!"

"கூட இருந்தவ வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே வெளிய வந்திருப்பீங்க! தூக்கு மேடை வரைக்கும் போகத் துணிஞ்சவருக்கு அவ பேரச் சொல்லத் துணிச்சல் வரலையா?"

"தூக்கு ஒரு தடவையோட முடிஞ்சிரும் திலகம்..."

க்ளிக்! விலங்கு கழன்றது.

"கேஸ் முடிஞ்சுது உடையப்பா," என்றார் சோமு. "நீ இனிமே தாராளமா வீட்டுக்குப் போகலாம்... அட, வீட்டுலதான் இருக்க!"

"ரொம்ப நன்றி சார். நீங்க கெளம்புங்க," என்றாள் திலகம். அவள் குரல் நிதானமாக இருந்தது. கலவரப்படுத்தும் நிதானம். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டே போய் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தாள்.

உடையப்பன் பாய்ந்து வந்து, விடுதலையான இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"சார்! செல்லையாவக் கொன்னது நான்தான் சார்... சீக்கிரம் மாட்டுங்க லா!"