2061 பருவத்தின் கடைசிக் கோல்

மைதான வாயிலில் நின்ற இயந்திரம் என் நாக்கில் மறதிச் சொட்டை விட்டது. ஒரே கசப்பு. வியாசர்பாடியில் ஞாயிறு மாலை என்றால் இதுதான் வழக்கம். வெயில் தாங்காமல் தேசிய லீக் நின்றுபோய்ப் பதினெட்டு வருடமாகிறது. பழைய பருவங்களைத்தான் மைதானத்தில் ஒளியுருக்களாக ஓடவிடுகிறார்கள். ஆட்டக்காரர் சட்டையில் இருந்த உணரிகளை வைத்துக் கட்டிய உருக்கள் என்பதால், அன்று கேமராவுக்குத் தெரியாததும் இதில் தெரியும். சொட்டு போட்டால், ஆட்டம் முடியும்வரை பழைய முடிவு மறந்துவிடும். ஒவ்வொரு கோலும் புத்தம்புதிது!

அன்று 2061இன் கடைசி ஆட்டம். கொல்கத்தாவை வென்றால் கோப்பை எங்கள் வியாசை அணிக்கு. மேல்முறையீட்டு ஆட்டம் என்பதால், பழைய நடுவரே சொட்டு போட்டுக்கொண்டு மறுபடி விசில் ஊதுவார். இம்முறை அவர் சொல்வதே கடைசி. மனு போட்டவன் நான், அன்றைய ஒன்பதாம் எண் கிளமெண்ட். எனக்கு அநியாயம் நடந்தது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. என்ன அநியாயம் என்பது சுத்தமாக இல்லை. நடுவர் எஸ்தர் எங்கள் தெருதான். முப்பத்திரண்டு வருடமாக அவரோடு நான் பேசவில்லை, தெருவையும் பேசவிடவில்லை. அந்த ஆட்டத்துக்கப்புறம் யாரும் எஸ்தரை நடுவராகக் கூப்பிட்டதுமில்லை.

ஒன்றுக்கு ஒன்று. தொண்ணூற்று மூன்றாம் நிமிடம். கார்னரிலிருந்து பந்து பறந்து வந்தது. இருபத்துநாலு வயது நான் எம்பினேன். அடேயப்பா, என்ன துள்ளல்! பந்து என் மேல் பட்டு வலைக்குள் போனது.

"ஹேண்டு! ரெஃப்ரீ, ஹேண்டு!"

கத்தியது நான்தான். தெருவில் ஆடி வளர்ந்த வாய், கை பட்டதைப் பார்த்ததும் தானாகக் கத்திவிட்டது. அதே நொடியில் எஸ்தரின் விசிலும் கேட்டது. கோல் இல்லை.

பக்கத்தில் இருந்த நண்பன் மோசஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "யோவ், அது நீதான்யா!"

ஆட்டம் சமனில் முடிந்தது, கோப்பை கொல்கத்தாவுக்கே போனது. சொட்டின் வேகம் இறங்கியதும் எல்லாம் திரும்பி வந்தது. "மார்லதான் பட்டுச்சு" என்று ஊரெல்லாம் சத்தியம் செய்த முப்பத்திரண்டு வருடமும் சேர்ந்து வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மைதானத்துக்குள் இறங்கி ஓடினேன்.

"அக்கா..."

எஸ்தர் விசிலை இறுக்கிப் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

"நான்தான் தப்பா ஊதிட்டனோன்னு இத்தினி வருசமா கெடந்து தவிச்சேன்டா. இத அன்னிக்கே கத்தியிருந்தா இன்னா, கிளமெண்டு?"

திரும்பிப் பார்த்தேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு ஆட்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி, தொண்டை கிழிய மறுபடியும் கத்தினேன்.

"ஹேண்டுதான்!"