கண் மூடாத பிள்ளைக்காக

பாட்டு முடிந்ததும் பழைய ஒலிநாடாவில் யாரோ மூச்சு விட்டார்கள். காலையில் ஒத்திகைக்கு ஓட்டிப் பார்த்தபோது அந்த மூச்சு இல்லை. அறிவிப்பாளராகவே காலம் தள்ளியவளுக்கு மூச்சு எது, நாடா இரைச்சல் எது என்று தெரியாதா என்ன?

ஞாயிறு சாயங்காலம். நற்செய்திப் பாடல் வானொலியின் ஆண்டு விழா, நேரலை. நிலையத்தின் கதையை அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தையல் கடையின் பின்னறையில், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, கடைக்காரரே பாட்டுப் போட்டு, நேயர்களுக்காக ஜெபமும் பண்ணிய கதை. எல்லாம் சொன்னாள், ஒன்றைத் தவிர. தூக்கமே வரவில்லை, ஜெபியுங்கள் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தாள். தையற்காரருக்குச் சபைப் பேச்சு என்றால் உயிர். 'இந்தச் சகோதரி நித்திரையடையட்டும்' என்று ஜெபித்துவிட்டார். சபையில் நித்திரையடைவது என்றால் செத்துப்போவது. பாவி மனுஷன் யோசிக்கவில்லை. விடிந்தபோது அந்தச் சகோதரி கண் திறக்கவில்லை. அன்றிலிருந்து இந்த மைக் முன்னால் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "தூக்கம்னு சொல்லு தாயே, ஆளைக் கொன்னுடாத" என்று புதிதாகச் சேருகிறவர்களைக் கேலி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

இன்று சிரிப்பு வரவில்லை. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். ஐந்து வயசுப் பிள்ளை, மூன்று ராத்திரியாகக் கண்ணை மூடாமல் அனத்திக்கொண்டே இருந்தது. "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று கணவன்தான் அனுப்பிவைத்தான். பெற்ற வயிறு, உட்கார விடுகிறதா? செல்போனும் வெளியே அலமாரியில். ஸ்டுடியோவுக்குள் கொண்டுவரக் கூடாது.

மறுபடியும் அந்த மூச்சு. ஹெட்போனுக்குள், காதுமடலில் படுகிற அளவுக்குப் பக்கத்தில். பழைய கம்பளியின் புழுங்கல் வாடை எங்கிருந்தோ வந்து தொண்டையில் உட்கார்ந்தது. பிறகு, பழைய நாடாக்களில் கேட்டுப் பழகிய தையற்காரரின் குரல், கனிவாக, அவசரமே இல்லாமல்.

"அடுத்து ஒரு தாய்க்காக. இந்த நிலையத்துலதான் வேலை செய்றாங்க. அவங்க சின்ன மக மூணு ராத்திரியா கண்ணு மூடல."

அந்த மனுஷர் அவள் பிறப்பதற்கு முன்பே இறந்தவர்.

ஒலி குறைக்கும் விசையைக் கீழே இழுத்தாள். ஒலி அளவு காட்டும் முள் படுத்தது. குரல் படுக்கவில்லை. நாடா இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கினாள். நாடா நின்றது. குரல் நிற்கவில்லை.

"பிரியமானவங்களே, எல்லாரும் என்னோட சேர்ந்து ஜெபம் பண்ணுங்க."

"ஐயோ, வேண்டாம்! ரேடியோவ நிறுத்துங்க!" மைக்கில் அலறினாள். ஹெட்போனில் அவள் குரல் இல்லை. அவர் குரல் மட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் அண்ணன். ஓங்கி ஓங்கித் தட்டினாள். அவர் தலை குனிந்து, கண்ணை இறுக மூடி, கை கூப்பியிருந்தார்.

கதவை இழுத்தாள். வரவில்லை.

"இந்தப் பிள்ளை நித்திரையடையட்டும்."

ஸ்டுடியோத் தொலைபேசியில் நேயர் அழைப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. வீட்டுக்குப் பேசலாம் என்று ஒன்றை எடுத்தாள்.

"அம்மா, குடும்பமா முழங்கால்ல நிக்கிறோம். பாப்பா நித்திரையடையட்டும். ஆமென்."

துண்டித்தாள். அடுத்தது.

"கவலைப்படாத கண்ணு. நித்திரையடையட்டும். ஆமென்."

அடுத்தது. ஆமென். அடுத்தது. எல்லாம் நல்ல ஜனங்கள். எல்லாம் பாசமான குரல்கள். ஆமென். ஆமென்.

கடைசி விளக்கு.

"நான்தான்" என்றான் கணவன், கிசுகிசுப்பாக. "ரேடியோவ அவ தலைமாட்டுல வெச்சேன். ஒரு வழியா தூங்கிட்டா."

"எழுப்புங்க! இப்பவே எழுப்புங்க!"

"உனக்கென்ன கிறுக்கா? கத்தாத. இப்பதான் கொஞ்சம் நிம்மதியாப் படுத்திருக்கா." துணி சரசரத்தது, குனிந்து தொட்டுப் பார்க்கிறான். "உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சும்மா. காய்ச்சல் சுத்தமா விட்டுருச்சு."

அவனுக்குப் பின்னால் ரேடியோவில் ஜெபம் முடிந்தது.

"ஆமென்" என்றான் அவனும், சந்தோஷமாக.