பந்தி வளவு

அரியாலையில் கடலேரிப் பக்கமாக வாங்கிய வீட்டுக்கு ஜெயதீபனும் அவன் மனைவி வசந்தினியும் குடிவந்த அன்றுதான், அந்தக் காணிக்குப் பந்தி வளவு என்று பெயர் இருப்பது தெரிந்தது. வீட்டின் பின்னால் முழங்கால் உயரக் கற்கள் வட்டமாக நின்றன. பெயரைச் சொன்னவள் அடுத்த வீட்டுக் குணலட்சுமி.

“உது அந்தக் காலத்துச் சனம் தங்கடை செத்த ஆக்களை இருத்திச் சோறு போட்ட இடம், தம்பி. ஒரு கல்லுக்கு ஒராள். பந்தி முடியிறதுக்கு முதல் ஆரையும் எழுப்பக்கூடாது. கல்லுகளிலை கை வையாதையும்.”

வேலிக்கு அப்பாலிருந்து வரும் புத்திமதியை யாழ்ப்பாணத்தில் யார் நம்புவார்? வேலி ஏற்கெனவே தன் காணிக்குள் தள்ளி அரக்கப்பட்டிருப்பதாக ஜெயதீபனுக்குச் சந்தேகம். இன்னும் அரக்கத்தான் அந்த மனுசி பேய்க்கதை சொல்கிறாள் என்று முடிவுகட்டினான். ஏழு வருடம் கோயில் கோயிலாக நேர்ந்து, இப்போதுதான் வசந்தினியின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. அந்தப் பிள்ளைக்குரிய மண்ணில் ஒரு சாண்கூட விட அவனுக்கு மனமில்லை.

மறுநாள் வட்டத்திலிருந்து ஒரு கல்லைக் கிளப்பி, வேலி மூலையில் எல்லைக்கல்லாக நட்டான்.

பொழுதுபட்ட மைம்மலில் சோறு வேகும் மணம் வந்தது.

அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

வசந்தினியையும் காணவில்லை. அடுத்த வீட்டு மனுசிதான் கூப்பிட்டு வைத்துக் கதைக்கிறாள் என்ற எரிச்சலோடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். குணலட்சுமி தன் முற்றத்தில் தனியே நின்றாள். அவள் கண்கள் அவனுடைய முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

“கல்லை எடுத்துப்போட்டீரே, தம்பி?” என்றாள் மெல்ல.

அவன் திரும்பினான்.

கல் நின்ற குழியில் வசந்தினி சம்மணமிட்டு இருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. வலது கை மட்டும் மண்ணுக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது.

“வசந்தி, எழும்பும்.”

“சத்தம் போடாதேங்கோ. எல்லாரும் சாப்பிடுகினம்.”

கையைப் பிடித்து இழுத்தான். அசைக்க முடியவில்லை. ஓடிப்போய் எல்லைக்கல்லைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து அவளருகே போட்டான். அவள் உடனே எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவன் கல்லைக் குழியில் நட்டு, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு அவள் பின்னால் போனான்.

அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் மண் இல்லை. சோற்றுப் பருக்கைகள் இருந்தன.

“உமக்கு ஒண்டுமில்லைத்தானே?”

“எனக்கென்ன? நான் எழும்பிட்டன்.”

ஈரக் கையை வயிற்றில் வைத்தாள்.

“பிள்ளைதான் இன்னும் எழும்பேல்லை.”